எட்டுக் குடமும் ஒரு வளைவும்

நிறைகுடம் தளும்பாது என்று சொன்னவர்
எட்டுக் குடத்தை ஒரே தள்ளுவண்டியில் ஏற்றி
எங்கள் பரக்கத் சந்து வளைவில்
ஒருநாளும் திருப்பியிருக்க மாட்டார்.

கீழக்கரையில் சந்து என்பது
இரண்டு வீடுகள் பேசிக்கொள்ள விட்ட இடைவெளி.
இந்த வீட்டில் தாளித்தால்
எதிர்வீட்டில் தும்முவார்கள்.
அதற்குள்தான் என் மீன் வண்டி போகவேண்டும்,
பள்ளிக்கூட வேன் போகவேண்டும்,
காஸ் சிலிண்டர், கல்யாண பிரியாணி அண்டா, ஜனாஸா
எல்லாம் போகவேண்டும்.

ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் விடுவார்கள்.
குழாய் இருப்பதோ ஊரின் அந்தக் கோடியில்.
எங்கள் கிணறுகளில் கடல் குடியேறி
என் வயசு ஆகிறது.

நான் ஐந்தே முக்காலுக்கு வருவேன்.
பெட்டிக்குள் ஐஸ் உருகிக்கொண்டிருக்கும்.
ஐஸ் உருகினால் காசு உருகும்,
ஆகவே ஹாரன்.
தூங்குகிறவர், தொழுகிறவர், பால் கொடுக்கிறவள்
யாருக்கும் தனித்தனியாக அடிப்பதில்லை,
எல்லாருக்கும் பொதுவாக ஒன்று.
அதைச் சமத்துவம் என்றுகூட
பவுசியா ராத்தாவிடம் வாதாடியிருக்கிறேன்.
"உன் சமத்துவத்துக்கு
என் பேரன் தொட்டில்ல எந்திரிச்சு உக்கார்றான்" என்றாள்.

வளைவில் எதிரெதிரே வந்தால் யார் பின்வாங்குவது?
சட்டம் எனக்குத் தெரியாது.
என் வண்டிக்கு ரிவர்ஸ் கியர் உண்டு.
நாகஜோதியின் வண்டிக்கு இருப்பது
இரண்டு தோள்,
அதுவும் முன்னால் தள்ளப் பழகியது.
இது புரிய எனக்கு ஒரு குடம் செலவானது:
என் ஹாரனுக்குப் பதறி அவள் பின்னிழுக்க
ஓரத்துக் குடம் சரிந்து
பதினைந்து லிட்டர்
என் முன்சக்கரத்தைக் கழுவிவிட்டுச் சாக்கடைக்குப் போனது.
அவள் திட்டவில்லை.
குடத்தை நிமிர்த்தி
அடியில் விரிசல் இருக்கிறதா என்று
விரலால் தடவிப் பார்த்தாள்.
திட்டியிருக்கலாம்.

பெருநாளுக்கு ஷார்ஜாவிலிருந்து வந்த அபுசாலி
வாடகைக் கார் ஒன்றைக் கொண்டுவந்து
அதே வளைவில் படுக்கவைத்தான்.
வெள்ளைக் கார்.
சந்தைப் பார்த்து எடுத்த கார் இல்லை,
சந்து பார்ப்பதற்காக எடுத்த கார்.

மூன்றாம் நாள் விடியலில்
நான் இந்தப் பக்கம், எஞ்சினை அணைத்துவிட்டு.
அவள் அந்தப் பக்கம், எட்டுக் குடத்தோடு.
நடுவில் கார், காதுகளை விரித்துக்கொண்டு.
ஒரு கல்லை எடுத்துக் கோடு இழுப்பாள் என்று நினைத்தேன்.
பொய் சொல்வானேன், கொஞ்சம் ஆசையும்பட்டேன்.

சேலையில் கையைத் துடைத்தாள்.
பக்கக் கண்ணாடியைப் பிடித்து,
தூங்குகிற பிள்ளையின் கையை
எடுத்து வைப்பது போல
மெதுவாக உள்ளே மடக்கினாள்.
சுவருக்கும் காருக்கும் நடுவே
வண்டி ஊர்ந்தது.
ஒரு சொட்டும் சிந்தவில்லை என்று சொல்ல ஆசை.
சிந்தியது. அரைச் சொம்பு இருக்கும்.

இதற்கப்புறம் நடந்ததைத்தான் சொல்லவந்தேன்.
வண்டியைத் தள்ளி நிறுத்தி,
சக்கரத்துக்குக் கல் கொடுத்து,
திரும்பி நடந்து வந்தாள்.
மடக்கிய கண்ணாடியை
இருந்தபடியே விரித்துவைத்துவிட்டுப் போனாள்.

மொட்டைமாடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த அபுசாலி
தேய்ப்பதை நிறுத்தினான்.

மறுநாளும் கார் அங்கேதான் நின்றது.
கண்ணாடி மட்டும் மடங்கியிருந்தது.
முழுக் காரையும் எடுக்கிற மனசு
இன்னும் விமானம் ஏறவில்லை போல.

நானும் பெரிதாக ஒன்றும் திருந்திவிடவில்லை.
பெரிய ரோட்டில் இன்றும் அடிக்கிறேன்.
சந்துக்குள் மட்டும்
வளைவுக்கு நாலு வீடு முன்னால் நின்று
காது கொடுக்கிறேன்.
அவள் வண்டியின் இடது சக்கரம்
தூரத்திலேயே கீச்சிடும்.
ராத்தாவின் பேரன்
இப்போது அதற்கு எழுகிறானாம்.

நேற்று ஆயில் டப்பாவை நீட்டினேன்.
வாங்கவில்லை.
"எண்ணெய் விட்டுட்டா
நான் வர்றது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?
எனக்கு இருக்கிற ஹாரனே அதுதான?"
என்று சொல்லிவிட்டுத் தள்ளிக்கொண்டு போனாள்.

டப்பா இன்னும் என் சீட்டுக்கு அடியில்
உருண்டுகொண்டிருக்கிறது.